வெட்டுவார் இல்லாத மூங்கில்

ஜப்பானின் நான்கு பெருந்தீவுகளுள் தெற்கே உள்ளதாகிய கியூஷுவில், ககோஷிமா நகரத்தின் கடற்கரையை ஒட்டி, வளைகுடாவில் புகைந்துகொண்டிருக்கும் சகுராஜிமா எரிமலையை எதிரே நோக்கியபடி, ஸெங்கன்-என் என்னும் பழைய பிரபுக்களின் தோட்டம் ஒன்று இருக்கிறது. சத்சுமா சமஸ்தானத்தை ஆண்ட ஷிமாஸு குலத்தின் பத்தொன்பதாவது தலைவரான மிட்சுஹிசா 1658-ஆம் ஆண்டில் மாளிகையோடு அமைத்த இந்த உத்தியானத்தில், அக்குலத்தின் இருபத்தொன்றாவது தலைவரான யோஷிடகா, ஆட்சிப் பொறுப்பை மகனிடம் ஒப்புவித்துவிட்டு ஓய்வாக வசித்துவந்த காலத்தில், 1736-ஆம் ஆண்டில், சீன தேசத்து மூங்கிற் கன்றுகள் இரண்டை ரியூக்யூ தீவுகளின் வழியாக வரவழைத்து நட்டுவைத்தார். 1609 முதல் சத்சுமாவின் ஆதிக்கத்துக்கு உட்பட்டிருந்த அத்தீவினர், சீனச் சக்கரவர்த்திக்குத் திறை செலுத்தும் வழக்கத்தையும் விடாமல் இருந்தமையால், அந்நிய வர்த்தகத்தைப் பெரும்பாலும் தடுத்துவைத்திருந்த ஜப்பானுக்குள் சீனத்துப் பொருள்கள் பல அவர்கள் மூலமாகவே வந்து சேர்ந்தன. சர்க்கரைவள்ளிக் கிழங்கு சத்சுமாவுக்கு வந்ததும் அந்தக் கடல்வழியேதான்.

அந்த மூங்கிலை ஜப்பானியர் மோசோ என்பர். குளிர்காலத்தில் நோயுற்றுக் கிடந்த தாய் மூங்கில் முளை உண்ண ஆசைப்பட, முளை கிடைக்காத அந்தப் பருவத்தில் தோப்புக்குள் சென்று அழுத மகனுக்கு இரங்கிப் பனிக்கு நடுவே பூமி முளை ஈந்தது என்று சீனத்தார் சொல்லும் பழங்கதையின் நாயகன் பெயரே அதற்கு இடப்பட்டது. கியோட்டோவுக்கு இதை இன்னும் முன்னரே பௌத்தத் துறவிகள் கொண்டுவந்தனர் என்று வேறு ஐதிகங்களும் உண்டு. ஆயினும் நாடெங்கும் இம்மூங்கில் பரவியதற்குச் சத்சுமாவே பிறப்பிடம் என்பது பெரும்பாலோர் ஒப்புக்கொண்ட விஷயம். பிரபு ஒருவர் இவ்வளவு ஆவலோடு வரவழைத்து நட்ட அதே மூங்கிலை, இருநூற்றெண்பது ஆண்டுகளுக்குப் பின், எந்த உபாயத்தால் ஒழிக்கலாம் என்று குடியானவர்களும் வீட்டுத் தோட்டக்காரர்களும் சர்க்கார் அதிகாரிகளும் ஒருங்கே யோசிக்கும்படி நேர்ந்த சரித்திரத்தை ஆராய்ந்தால், மூங்கிலின் சுபாவம் அன்றும் இன்றும் ஒன்றாகவே இருக்க, அதை வெட்டிப் பிழைத்த தொழில்கள்தாம் ஒவ்வொன்றாக நலிந்துபோயின என்பது புலப்படும்.

மூங்கிலைப்போல் சுற்றம் பெருக வாழவேண்டும் என்று மணமக்களை வாழ்த்துகிற நம் நாட்டவருக்கு, ஒரு தோட்டத்துக்கு மூங்கில் எப்படிச் சத்துருவாகும் என்பது எளிதில் விளங்காது. நம் மலைச்சாரல்களிலும் ஆற்றங்கரைகளிலும் காணப்படும் பெருமூங்கில் தூர்கட்டி வளரும் இனத்தைச் சேர்ந்தது. அதன் அடித்தண்டு குட்டையானதாகையால், புதுப் போத்துகள் பழைய கழிகளை ஒட்டியே எழும்பி, புதர் நின்ற இடத்திலேயே நின்று பருத்துவரும். மோசோ முதலிய குளிர்தேசத்து மூங்கில்களோ அப்படிப்பட்டவை அல்ல. அவற்றின் நிலத்தடித் தண்டுகள் மேல்மண்ணில் ஓரிரு அடி ஆழத்திலேயே கிடைமட்டமாக ஓடிக் கணுதோறும் மொட்டு வைத்து, ஆண்டுக்குச் சில மீட்டர் தூரம் முன்னேறி, வேலியைக் கடந்தும் பாதையைக் கடந்தும் எதிர்பாராத இடத்தில் முளைவிடும். வெளிவரும்போதே தன் முழுப் பருமனோடு வெளிவருகிற அந்த முளை, உச்ச வேகத்தில் ஒரே நாளில் ஒரு மீட்டருக்கு மேலும் வளர்ந்து, இரண்டு மாதத்துக்குள் இருபது மீட்டர் உயரத்தையும் எட்டிவிடுகிறது. அதற்குரிய ஆகாரத்தை எல்லாம் பூமிக்கடியில் ஒன்றோடொன்று பிணைந்திருக்கும் தண்டுகள் வழியாகத் தாய்க் கழிகள் அனுப்புவதால், அடர்ந்த நிழலிலும் அது வாடாமல் எழும்பி, பத்துப் பதினைந்து மீட்டர் உயரமே உள்ள மற்ற மரங்களின் தலைக்குமேல் போய்க் கவிந்துகொள்கிறது.

இத்தகைய தாவரத்தை ஊருக்குள்ளேயே வைத்துக்கொண்டு ஜப்பானியர் பல நூற்றாண்டுகள் பயமின்றி வாழ்ந்ததற்குக் காரணம், மோசோ வருவதற்கு நெடுங்காலம் முன்பிருந்தே மடாகே, ஹாசிகு என்னும் மூங்கில்களை வெட்டிப் பயன்கொள்ளும் தொழில் அவர்கள் வாழ்க்கையோடு கலந்திருந்ததே. ஜப்பானிய மொழியின் மிகப் பழைய வசன கதையாகக் கருதப்படும் ‘தாகெதோரி மொனோகதாரி’யில் வரும் கிழவன் அரசனும் அல்லன், வீரனும் அல்லன், மலையில் மூங்கில் வெட்டிப் பலவகைச் சாமான்கள் செய்து பிழைப்பவன். நாட்டுப்புற வீடுகளின் மண்சுவருக்குள்ளே குறுக்கும் நெடுக்குமாகக் கயிற்றால் கட்டப்படும் வரிச்சுகள் எல்லாம் பிளந்த மூங்கிலே. கூடை, முறம், சல்லடை, வாளிக்கு இறுக்கும் வளையம், தண்ணீர் இறைக்கும் அகப்பை, விசிறி, குடை, அம்பு, தூண்டிற்கோல், துணி உலர்த்தும் கழி, ஏணி, வேலி என்று ஒரு குடும்பத்துக்கு ஆண்டுதோறும் வேண்டிய மூங்கில் சிறிதன்று. வேளாளன் வீட்டின் பின்புறத்தில் ஒரு மூங்கில் தோப்பு இருப்பதும், தேவையானபோதெல்லாம் அவன் அங்கே சென்று இரண்டு கழி வெட்டிவருவதும் சர்வசாதாரணமான காரியமாக இருந்தன. தோப்பைத் திருத்துகிறோம் என்ற நினைவு இல்லாமலே அவன் அதைத் திருத்திவந்தான்.

ஏழையின் வீட்டுக்கு உதவிய இந்த மூங்கிலே கலைஞரின் கையிலும் கௌரவம் பெற்றது. தேநீர்ச் சடங்கின் பேராசிரியரான ஸென் நோ ரிக்யூ, படைத்தலைவர் ஹிதெயோஷி ஓதவாராக் கோட்டையை முற்றுகையிட்ட 1590-ஆம் ஆண்டில், அவருடன் பாசறையில் தங்கியிருந்த சமயத்தில், அருகே நிராயாமா என்னும் இடத்தில் கிடைத்த மூங்கிலை வெட்டிப் பூக்குவளை செய்தார். அவற்றுள் ஒன்று, மேனியில் விழுந்த வெடிப்போடு இன்றும் தோக்கியோ தேசிய அருங்காட்சியகத்தில் இருக்கிறது. சீனத்துப் பீங்கானையும் வெண்கலத்தையும் பெரும்பொருள் கொடுத்து வாங்கி வைத்த சபைகளில் கொல்லைப்புறத்து மூங்கில் துண்டு ஒன்று சரிசமமாக இடம் பெற்றது அந்தக் காலத்து ரசனையில் நிகழ்ந்த பெரிய புரட்சி. தேநீர்ப் பொடியை நுரைக்கக் கலக்கும் மூங்கில் மத்தை நாரா மாகாணத்துத் தாகயாமா கிராமத்தார் ஏறத்தாழ ஐந்நூறு ஆண்டுகளாகச் செய்துவருகிறார்கள். ஒரு சாண் நீளமும் இல்லாத கழித்துண்டைச் சிறு கத்தியால் மயிரிழைகளாக வகிர்ந்து வளைக்கும் அந்த வித்தை தந்தையிடமிருந்து மகனுக்கு வருவது. காட்சுரா ஆற்றங்கரையில் உள்ள அரச மாளிகையிலோ, உயிருள்ள மூங்கிலையே வளைத்து மடக்கிப் பின்னி வேலியாக்கியிருக்கிறார்கள். ஆறு பெருகும்போது வெள்ளத்தின் வேகத்தைத் தணித்துக் குப்பைகூளத்தைத் தடுப்பதற்கும் அது உதவுகிறது.

மூங்கிலை எப்போது வெட்டுவது, எதை வெட்டுவது என்பதில் இத்தொழிலாளர் கண்டறிந்த முறைகள் ஒரு சாஸ்திரமாகவே வளர்ந்திருந்தன. முதலாண்டுக் கழியில் நீர் மிகுதியாகவும் உறுதி குறைவாகவும் இருக்கும். மூன்று முதல் ஐந்தாண்டு வரை வயதானதே சாமானுக்கு ஏற்றது. அதற்கு மேற்பட்டது நெகிழ்ச்சி குன்றி, நாளடைவில் நின்ற நிலையிலேயே காயத் தொடங்கும். வசந்த காலத்திலும் கோடையிலும் கழிக்குள் மாச்சத்தும் சர்க்கரையும் மிகுந்திருப்பதால், அப்போது வெட்டியதைத் துளைப்பூச்சி அரித்துச் சில மாதங்களில் மாவாக உதிர்த்துவிடும். இலையுதிர்காலம் முதல் குளிர்காலத்தின் நடு வரையில் வெட்டியதோ தலைமுறைக்கும் நிற்கும். மரத்தை ஆறாம் மாதத்திலும் மூங்கிலை எட்டாம் மாதத்திலும் வெட்டவேண்டும் என்று, பழைய சாந்திர மாதக் கணக்கை வைத்து அவர்களிடையே ஒரு பழமொழியே வழங்கிற்று. வெட்டிய கழியை நெருப்பில் வாட்டியோ காரநீரில் கொதிக்கவைத்தோ அதன் எண்ணெயை வெளியேற்றித் துடைத்து வெயிலில் உலர்த்தினால், பச்சை நிறம் போய்த் தந்தம்போல் வெளுத்துப் பளபளக்கும். தோப்பின் நெருக்கத்துக்கும் அவர்கள் ஓர் அளவு வைத்திருந்தார்கள்: குடையை விரித்துப் பிடித்துக்கொண்டு ஒருவன் தடையின்றி ஊடே நடந்துபோக இயலவேண்டும். அதற்கு மேல் நெருங்கினால் வெட்டவேண்டிய காலம் வந்துவிட்டது என்பது பொருள்.

இப்படி ஒழுங்குபட்டிருந்த நாட்டில்தான் மோசோ வேரூன்றியது. மற்ற மூங்கில்களைவிடப் பருமனும் உயரமும் வாய்ந்த அதன் முளை சுவையிலும் சிறந்ததாகையால், சத்சுமா பிரபுவின் தோட்டத்தை விட்டு அது விரைவில் வெளியேறிற்று. சத்சுமா சமஸ்தானத்தார் இன்றைய தோக்கியோவாகிய எடோ தலைநகரில் வைத்திருந்த மாளிகையிலிருந்து கன்று பெற்று, யாமாஜி ஜிரோபே என்னும் வர்த்தகர் 1789-இல் தோகோஷி கிராமத்தில் பயிரிட்டு அயலாருக்கும் பரப்ப, நல்ல சந்தைப்பயிர் இன்றி இருந்த அவ்வட்டாரத்துக் குடியானவர்களுக்கு அது பெரிய வருமானமாயிற்று. அருகில் மெகுரோவிலுள்ள பௌத்தக் கோவிலுக்கு யாத்திரை வந்தவர்கள் மூங்கில் முளை கலந்த சோற்றை உண்டு செல்வது ஒரு வழக்கமாகவே ஆகிவிட்டது. கியோட்டோவை அடுத்த ஓதோகுனி வட்டாரத்தாரோ முளைத்தோட்டத்தை நெல்வயலுக்கு நிகராகப் பேணினார்கள். ஆண்டுதோறும் வைக்கோல் பரப்பி அதன்மேல் புதுமண் இட்டு, உயரம் மிகாதபடி இளங்கழியின் நுனியை ஒடித்து, எந்த ஆண்டு எழுந்தது என்பதைக் கழியின் மேலேயே எழுதிவைத்து, வயது முற்றியதை வெட்டி அகற்றிப் புதியதற்கு இடம் விடுவது அவர்கள் முறை. மண்ணைப் பிளந்து முளை தலைகாட்டுவதற்கு முன்பே நிலத்தின் மெல்லிய வெடிப்பைக் கண்டு, நீண்டு வளைந்த இருப்புக் கோலை இறக்கி, முளையைத் தண்டிலிருந்து நெம்பிப் பெயர்த்தெடுப்பார்கள். உணவாக எடுத்த ஒவ்வொரு முளையும் நாளைக்குப் பரவவிருந்த ஒரு கழியே என்பதை நோக்கினால், உண்பவரும் வெட்டுபவரும் சேர்ந்தே அந்தத் தாவரத்தை வரம்புக்குள் வைத்திருந்தனர் என்பது விளங்கும்.

பத்தொன்பதாம் நூற்றாண்டின் இறுதியில் ஜப்பானிய மூங்கிலின் புகழ் கடல்கடந்தும் சென்றது. மின்விளக்கின் உள்ளிழைக்கு உகந்த பொருளைத் தேடி எடிசன் 1880-இல் கீழ்த்திசைக்கு அனுப்பிய மூர் என்பவர், கியோட்டோவின் தெற்கே யாவதா என்னும் ஊரில், இவாஷிமிஸு ஹாசிமான் கோவிலைச் சூழ்ந்த குன்றிலிருந்து மடாகே மூங்கிலைக் கொண்டுபோனார். அதைக் கருக்கிச் செய்த இழை ஆயிரம் மணிநேரத்துக்கு மேலும் எரிந்ததனால், வேறு செயற்கை இழைகள் வரும்வரை மேல்நாட்டு வீடுகள் பலவற்றில் ஒளி தந்தது. அக்கோவிலில் 1934-இல் எடிசனுக்கு ஒரு ஞாபகச் சின்னமும் எழுப்பினார்கள். இருபதாம் நூற்றாண்டின் நடுவில், ஹிரோஷிமாக் கடலில் சிப்பி வளர்ப்பவர்கள் மோசோக் கழிகளைப் பிணைத்த பெருந்தெப்பங்களை மிதக்கவிடத் தொடங்கியபோது, மூங்கிலுக்கு இனி என்றைக்கும் கிராக்கி குறையாது என்றே எவரும் நினைத்திருப்பர்.

ஆனால் அந்த நூற்றாண்டின் பிற்பாதியில் நான்கு மாறுதல்கள் ஒன்றன்பின் ஒன்றாக வந்து சேர்ந்தன. பிளாஸ்டிக் கூடையும் வாளியும் மலிவாகக் கிடைத்தன. மண்சுவருக்குப் பதிலாகச் சிமெண்டும் பலகையும் வந்தமையால் வரிச்சுக்கு வேலை இல்லாமற்போயிற்று. வாலிபர்கள் ஆலைகளை நாடி நகரங்களுக்குச் சென்றுவிட்டார்கள். சில பத்தாண்டுகள் கழித்துச் சீனத்திலிருந்து வேகவைத்துத் தகரத்தில் அடைத்த முளை இறக்குமதியாகி உள்நாட்டு முளையின் விலையைச் சரித்தது. இவற்றோடு இயற்கையும் ஒரு கைகொடுத்தது. நூற்றிருபது ஆண்டுகளுக்கு ஒருமுறை பூக்கும் எனப்படும் மடாகே 1960-களில் நாடெங்கும் பூத்துக் காய்ந்துபோக, கூடை முடைவோருக்கு வேண்டிய கழி அகப்படவில்லை. அந்த நெருக்கடியில் வேறு பொருளுக்கு மாறியவர்களுள் பலர், தோப்புகள் மீண்டும் தழைத்த பிறகும் மூங்கிலுக்குத் திரும்பவில்லை. மூங்கில் கலையின் பெருமையை உணர்த்துவதற்கோ என்னவோ, பெப்பு நகரத்து ஷோனோ ஷோஉன்ஸாய் 1967-இல் அத்துறையின் முதலாவது ‘வாழும் தேசியச் செல்வ’மாக அரசாங்கத்தாரால் கௌரவிக்கப்பட்டார்; கலைஞருக்கு மரியாதை கிடைத்த அதே சமயத்தில் சாதாரணக் கூடைக்காரனுக்குச் சோறு கிடைக்காமற்போனது காலத்தின் விசித்திரம்.

வெட்டுவார் இல்லாத தோப்பு சில ஆண்டுகளுக்குள் தன் உருவத்தை இழந்தது. பட்ட கழிகள் பச்சைக் கழிகளின்மேல் சாய்ந்து, குடையோடு நடந்த இடத்தில் வெறுங்கையோடும் நுழைய முடியாமற்போயிற்று. உள்ளே இடம் போதாத தண்டுகள் பக்கத்திலிருந்த ஊசியிலை மரத்தோட்டத்துக்கும், விறகுக்கும் தழைக்கும் பயன்பட்ட கிராமக் காட்டுக்கும், கைவிடப்பட்ட கழனிக்கும் பரவின. ஒளியிழந்த மரங்கள் பட்டுப்போயின. இன்று ஜப்பானில் மூங்கில் அடர்ந்துள்ள நிலம் ஒன்றரை லட்சம் ஹெக்டேருக்கு மேற்பட்டது. அதில் மிக விஸ்தாரமான பங்கு, யோஷிடகா கன்று நட்ட ககோஷிமா மாகாணத்துக்கே உரியது.

வீட்டுத் தோட்டங்களில் இந்தப் பரவல் அண்டை அயலாரின் வழக்காகவும் மாறிற்று. 1896-இல் இயற்றப்பட்ட ஜப்பானியச் சிவில் சட்டத்தின் 233-ஆவது பிரிவு மரத்தோடு மூங்கிலையும் பெயர் சொல்லிக் குறிப்பிடுகிறது. பக்கத்து வீட்டுக் கிளை எல்லை தாண்டி வந்தால் அதை வெட்டும்படி உடையவரைக் கேட்கலாமேயன்றித் தானே வெட்டலாகாது. வேர் எல்லை தாண்டினாலோ தானே வெட்டிவிடலாம் என்பது அதன் விதி. உடையவர் வெட்ட மறுத்தாலோ, அவர் இருக்குமிடம் தெரியாமற்போனாலோ கிளையையும் தாமே வெட்டிக்கொள்ளலாம் என்று 2023 ஏப்ரல் முதல் அச்சட்டத்தைத் தளர்த்தியிருக்கிறார்கள். ஊரை விட்டுப்போன சொந்தக்காரர்களின் தோட்டங்கள் எவ்வளவு பெருகிவிட்டன என்பதற்கு இத்திருத்தமே சாட்சி.

பரவிவிட்ட மூங்கிலை ஒழிப்பது பொறுமையைச் சோதிக்கும் வேலை. ஒருமுறை எல்லாவற்றையும் அடியோடு வெட்டிச் சாய்ப்பதனால் தோட்டம் சுத்தமாகிவிட்டது என்று மகிழ்பவர், அடுத்த வசந்தத்தில் அதே இடத்தில் எண்ணிறந்த சிறு போத்துகள் எழும்பக் காண்பர். நிலத்தடித் தண்டில் சேமித்த சத்து தீரும்வரை அது விடாது. ஆகவே புதுப்போத்துகள் தழைவிட்டு முடிந்து, சேமிப்பு மிகவும் குறைந்திருக்கும் கோடையின் தொடக்கத்தில் வெட்டி, மீண்டும் தழைத்ததை மீண்டும் வெட்டி, சில ஆண்டுகள் இடைவிடாது தொடர்வதே நம்பத்தக்க வழி. சிறு தோட்டத்தில் தண்டுகளைக் கடப்பாரையாலும் மண்வெட்டியாலும் தோண்டி எடுக்கலாம். எல்லையில் இரண்டு மூன்று அடி ஆழத்துக்குப் பள்ளம் எடுத்தோ கெட்டியான தடுப்புத் தகட்டைப் புதைத்தோ படையெடுப்பை நிறுத்தலாம். கழியில் துளையிட்டுக் களைக்கொல்லி மருந்தை ஊற்றுவோரும் உண்டு. அப்படிச் செய்த இடத்து முளையை உண்ணலாகாது. குளிர்காலத்தில் ஒரு மீட்டர் உயரம் விட்டு வெட்டினால் வேரே அழுகிவிடும் என்று பலர் உறுதியாகக் கூறினும், பலன் எல்லா இடத்திலும் ஒன்றாக இருப்பதில்லை; குனியாமல் வெட்டலாம் என்பதும், காலில் குத்தும் கூரிய அடிக்கட்டைகள் புல்லுக்குள் மறைந்து கிடப்பதில்லை என்பதும் அம்முறையின் ஐயமற்ற பிரயோஜனங்கள்.

இங்கே ஒரு சிக்கல் தோன்றுகிறது. ஒழிப்பதற்கு உகந்த பருவம் கோடை. பொருள் செய்வதற்கு உகந்த பருவம் குளிர்காலம். பழைய தொழிலாளி குளிர்காலத்தில் வெட்டி வசந்தத்தில் முளையைத் தோண்டினான். தோப்பை அழிக்க அவன் விரும்பியதே இல்லை. அழிக்கப் புகுந்த இக்காலத்தவரோ கோடையில் வெட்டிய கழியை என்செய்வதென்று தெரியாமல் குவித்துவைக்கிறார்கள். உள்ளே வெற்றிடமாக உள்ள மூங்கில் ஏற்றிச் செல்லும் வண்டியில் இடத்தை மிகுதியாக அடைத்துக்கொண்டு எடையில் குறைந்திருப்பதால், தொலைவுக்குக் கொண்டுபோவதற்கான கூலியே அதன் விலையை விழுங்கிவிடுகிறது. நாள்பட்ட கழியாகப் பார்த்து முதலில் குளிர்காலத்தில் வெட்டி உலர்த்தித் தட்டிக்கும் பந்தலுக்கும் கொடிகளின் ஊன்றுகோலுக்கும் வைத்துக்கொண்டு, எஞ்சியதைக் கோடையில் ஒழிப்பதே இரண்டுக்கும் இசைந்த கிரமமாகும்.

இவ்வாறு விழும் மூங்கிலுக்குப் புதிய உபயோகங்களைத் தேடும் முயற்சிகள் ககோஷிமாவிலேயே தலையெடுத்தது பொருத்தமானது. அம்மாகாணத்துச் சத்சுமாசெண்டாய் நகரில் உள்ள சூயெட்சு காகித ஆலையார் 1998 முதல் உள்ளூர்க் குடியானவர்கள் வெட்டிக் கொணரும் மூங்கிலை விலைக்கு வாங்கிக் காகிதம் செய்யலானார்கள். மற்ற ஊர்களில் கழியை அரைத்துத் தூளாக்கி வயலுக்கு எருவாக இடுகிறார்கள். சூளையில் இட்டுக் கரியாக்கி, நாற்றத்தையும் ஈரத்தையும் போக்குவதற்கு வீட்டுத் தளத்தின் அடியில் பரப்புகிறார்கள். ஓய்தா மாகாணத்துத் தாகெதாவில், சுற்றியுள்ள மலைகளில் வெட்டிய மூங்கில்களைத் துளையிட்டு விளக்குகளாக்கி, இலையுதிர்கால இரவுகளில் தெருவெங்கும் ஏற்றும் திருவிழா நடைபெறுகிறது. எல்லாவற்றையும்விடச் சாமர்த்தியமானது முளையைப் பற்றிய யோசனை: தோண்டாமல் விட்டதனால் ஓராள் உயரத்துக்கு எழுந்துவிட்ட இளங்கழியை அரிவாளால் சாய்த்து, அவித்து உப்பிலிட்டு, இதுவரை பெரும்பாலும் அயல்நாடுகளிலிருந்தே வந்துகொண்டிருந்த மெம்மா என்னும் தொடுகறியாக விற்கிறார்கள். வெட்டுவதற்கும் எளிது, சுமப்பதற்கும் எளிது, கழி முற்றுவதற்கு முன்பே அதை வாழைத்தண்டுபோல் சமையலறைக்கு அனுப்பியும் விடலாம்.

2015-இல் ஜப்பானிய அரசாங்கத்தார் வெளியிட்ட தீங்கிழைக்கும் அந்நியத் தாவர ஜந்துக்களின் பட்டியலில் மோசோவும் சேர்க்கப்பட்டது. ஆனால் அதை அடியோடு அழிக்கவேண்டியவற்றோடு வைக்காமல், தொழிலுக்கு இன்றியமையாததால் தகுந்த நிர்வாகத்துடன் வைத்துக்கொள்ளவேண்டியவை என்னும் தனி வகுப்பில் வைத்தார்கள். அந்த வகுப்பு நியாயமானதே. எனினும் நிர்வாகம் செய்வதற்கு வேண்டியது சட்டத்தைக் காட்டிலும் ஆள்பலம். அந்த ஆளுக்குக் கூலி வேண்டும். கூலி கொடுப்பதற்கு வெட்டிய கழி ஏதேனும் ஒரு விலைக்குப் போகவேண்டும். தொண்டர்கள் ஞாயிற்றுக்கிழமைதோறும் வந்து வெட்டுவதும், நகரசபையார் பணம் ஒதுக்கி இயந்திரங்களை அனுப்புவதும் பாராட்டத்தக்கவையே. ஆயினும் அவை நின்ற மறு வருஷமே முளை மறுபடி எழும்பும். கூடைக்காரனும் சுவர் கட்டுபவனும் முளை விற்பவனும் தங்கள் வயிற்றுப்பாட்டுக்காக நாள்தோறும் செய்துவந்த காரியத்தைத் தர்மகாரியமாக எவ்வளவு நாள் நடத்தமுடியும்? ஆகவே தோட்டத்து மூங்கிலை ஒழிக்கப் புறப்படுகிறவர், வெட்டிய கழி எவருக்குப் பயன்படும், அவர் அதற்கு என்ன கொடுப்பார் என்பதை முதலில் விசாரித்துக்கொண்டு பிறகு அரிவாளை எடுப்பதே விவேகம். வாங்குகிறவன் ஒருவன் நிலைத்துவிட்டால், வெட்டுகிறவன் ஆண்டுதோறும் தானே வந்துசேருவான்.